அவள் அப்பாவுக்கு மட்டும் இன்னும் சொல்லவில்லை

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. பொறியியல் இரண்டாம் ஆண்டில், இனிக் கல்லூரிக்குப் போக மாட்டேன் என்று நின்றுவிட்டாள். நான்கு மாதங்கள் ஆகின்றன. நான் உளவள ஆலோசனையில் பட்டயப் படிப்பு முடித்தவள். மனிதநேய உளவியலில் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் சொன்ன நிபந்தனையற்ற ஏற்பை, அதாவது ஒருவரை அவர் இருக்கிறபடியே ஏற்றுக்கொள்வதைக் கடைப்பிடித்து, ஒரு வார்த்தைகூடக் கடிந்துகொள்ளாமல் இருக்கிறேன். ஆனாலும் அவள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மஸ்கட்டில் இருக்கும் அவள் அப்பாவுக்கு மட்டும் இன்னும் சொல்லவில்லை. அடுத்த பருவத்துக்கான கட்டணத்தையும் அனுப்பிவிட்டார். வெள்ளிக்கிழமை அவர் வீடியோ காலில் வரும்போது மட்டும் தலை வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்து, பாடங்களைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவாள். அந்த ஒரு விஷயத்திலாவது ஒத்துழைக்கிறாள். வேறு என்ன உத்தியைக் கையாளலாம்?
– பெயர் வேண்டாம், தஞ்சாவூர்

பதில்: உத்தி எதுவும் தருவதாக இல்லை. ‘ஒத்துழைக்கிறாள்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

உங்களிடம் பேச மறுக்கும் ஒரு பெண், வாரம் தவறாமல் தலை வாரிக்கொண்டு வந்து, போகாத கல்லூரியின் பாடங்களைப் பற்றித் தகப்பனிடம் பேசுகிறாள். நான்கு மாதங்களில் 16, 17 வெள்ளிக்கிழமைகள். ஒவ்வொரு முறையும் அவளுக்குப் புரிவது ஒன்றுதான்: படிப்பை விட்ட பெண்ணை இந்த வீட்டில் வெளியே காட்ட முடியாது. முழு மனதாக ஏற்றுக்கொண்ட ஒன்றை யாராவது ஒளித்து வைப்பார்களா? இப்படி இருந்தால்தான் உனக்கு மதிப்பு என்று பெரியவர்கள் சொல்லாமல் சொல்லும் விதிகளைக் குழந்தை தனக்குள் வாங்கிக்கொண்டு தன்னையே அவற்றால் அளக்கத் தொடங்குகிறது என்பதுதான் ரோஜர்ஸ் வாழ்நாளெல்லாம் கவலைப்பட்ட விஷயம். நீங்கள் வாயால் கடியவில்லை, உண்மைதான். அதைவிடக் கடுமையானதைச் செய்திருக்கிறீர்கள்.

1957இல் வெளியான கட்டுரை ஒன்றில், சிகிச்சையில் ஒருவர் மாறுவதற்கான ஆறு நிபந்தனைகளை அவர் வரிசைப்படுத்தினார். நீங்கள் பிடித்துக்கொண்டிருக்கும் நிபந்தனையற்ற ஏற்பு அதில் நான்காவது. அதற்கு முன்னால், மூன்றாவதாக, ஆலோசகர் அந்த உறவில் உள்ளும் புறமும் ஒன்றாக இருக்க வேண்டும், எதிரில் இருப்பவரையும் தன்னையும் ஏமாற்றக் கூடாது என்றார். வாழ்நாள் முழுவதும் அப்பழுக்கில்லாமல் இருக்கச் சொல்லவில்லை. ஆலோசனை நடக்கும் அந்த ஒரு மணி நேரமாவது தானாக இருந்தால் போதும் என்றார். உங்களுக்கோ ஒரு மணி நேரம் முடிந்து எழுந்துபோக இடமில்லை, ஏனென்றால் நீங்கள் அவளுடைய தாய். உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசுகிறவரைப் பெற்ற பிள்ளை கண்டுபிடிக்க நான்கு மாதம் எதற்கு, நான்கு நாள் போதும். (தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வியாக வருவதை மனப்பாடம் செய்துவிட்டு வீட்டில் பரிசோதித்துப் பார்க்கிறவர்களிடமிருந்து எனக்கு வரும் கடிதங்களுக்குக் கணக்கில்லை.)

ரோஜர்ஸ் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் 12 ஆண்டுகள் குழந்தைகளுக்கான ஆலோசனைப் பணியில் இருந்தார். அடங்காத ஒரு சிறுவனின் தாயிடம், சிக்கலின் வேர் மகனை அவர் முன்பு புறக்கணித்ததுதான் என்று புரியவைக்கப் பல அமர்வுகள் முயன்று தோற்றார். இருவரும் நிறுத்திக்கொள்ளலாம் என்று முடிவுசெய்து, அந்தப் பெண்மணி வாசல் வரை போய்விட்டார். அங்கிருந்து திரும்பி, “இங்கே பெரியவர்களுக்கும் ஆலோசனை தருவீர்களா?” என்று கேட்டார். மறுபடி வந்து உட்கார்ந்து, கணவருடன் வாழும் வாழ்க்கையின் வேதனை முழுவதையும் கொட்டினார். பிள்ளையைப் பற்றி அவர் அதுவரை சொல்லிக்கொண்டிருந்ததற்கும் இதற்கும் தொடர்பே இல்லை. எங்கே வலிக்கிறது என்பது வலிக்கிறவருக்குத்தான் தெரியும் என்று தான் கற்றது அங்கே என்று ரோஜர்ஸே எழுதியிருக்கிறார்.

நீங்களும் மகளைப் பற்றித்தான் எழுதியிருக்கிறீர்கள். பயமோ கணவரைப் பற்றியது. அவர் திட்டுவார் என்றா, “நீ என்ன வளர்த்தாய்?” என்று கேட்பார் என்றா, உடைந்துபோவார் என்றா? எதுவாக இருந்தாலும் அது உங்கள் இருவருக்கும் இடையிலானது. அதைச் சுமக்க 19 வயதுப் பெண்ணை நிறுத்தியிருக்கிறீர்கள். அந்த மனிதரின் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கடல் தாண்டி உழைக்கிறவருக்கு வாரத்தில் ஒரு நாள் வீட்டைப் பார்க்கக் கிடைக்கும் சில நிமிடங்களில் நாடகம் காட்டுவது, அவர் அனுப்பும் பணத்தை வாங்கிக்கொண்டு அவரைக் குடும்பத்திலிருந்து தள்ளிவைப்பதாகும். மகள் படிப்பை நிறுத்தியதை ஒரு தகப்பன் தாங்கிக்கொள்வார். மனைவியும் மகளும் சேர்ந்து நான்கு மாதம் மறைத்ததைத் தாங்குவது கடினம், அதுவும் ஒவ்வொரு வாரமும் கூடிக்கொண்டே போகிறது.

வெள்ளிக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம். இன்றிரவே மகளிடம், “எனக்குக் கோபமும் இருக்கிறது, பயமும் இருக்கிறது, உன்னைப் பொய் சொல்ல வைத்தது என் தப்பு” என்று சொல்லுங்கள். அவள் பதில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. அப்பாவிடம் சொல்லப்போகிறேன் என்பதையும் அவளிடம் முதலில் சொல்லிவிட்டு, அவரை நீங்களே தனியாக அழைத்துப் பேசுங்கள். அவர் அனுப்பிய கட்டணப் பணம் என்ன ஆயிற்று என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர் கத்தினால் கேட்டுக்கொள்ளுங்கள், கத்த அவருக்குக் காரணம் இருக்கிறது. அதன்பின் வரும் வெள்ளிக்கிழமை, கேமரா முன் வந்து உட்கார் என்று அவளைக் கூப்பிடாதீர்கள்.