நகலுக்கு நகல் ஏன் எடுக்க முடியவில்லை?

கேள்வி: சிடியிலிருந்து ஆப்டிகல் கேபிள் வழியாக என் கையடக்க மினிடிஸ்க் (சின்ன டிஸ்க்கில் பாட்டைப் பதியும் முறை) ரெக்கார்டரில் பதிந்த பாட்டை, வீட்டு டெக்கில் போட்டு இன்னொரு டிஸ்க்குக்கு டிஜிட்டலாக மாற்றினால் பதிய மறுக்கிறது. பழுதா?

பதில்: பழுதெல்லாம் இல்லை. எஸ்சிஎம்எஸ் (Serial Copy Management System) என்ற நகல் கட்டுப்பாட்டு முறைதான் தடுக்கிறது. சிடியிலிருந்து நேரடியாக எத்தனை டிஜிட்டல் நகல் வேண்டுமானாலும் எடுக்கலாம், ஆனால் நகலிலிருந்து இன்னொரு டிஜிட்டல் நகல் கூடாது என்று பாட்டோடு ஒரு குறிப்பும் சேர்ந்தே பதிவாகிவிடும். அமெரிக்காவில் 1992-லேயே இதைச் சட்டமாக்கிவிட்டார்கள். நாமே மைக்கில் பதிந்த சொந்தக் கச்சேரிக்கும் ஒரு தலைமுறை நகலோடு (அதாவது, நகல் எடுக்கலாம், நகலுக்கு நகல் கூடாது) நிறுத்திவிடுவதுதான் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத அநியாயம். சரி, வழி? சிடி கையில் இருந்தால் அதிலிருந்தே மறுபடி பதியுங்கள். இல்லையென்றால் பாட்டு ஓடும் கருவியின் அனலாக் (டிஜிட்டல் அல்லாத) லைன்-அவுட்டிலிருந்து பதியும் கருவியின் லைன்-இன்னுக்குக் கேபிள் போடுங்கள், அங்கே இந்தத் தடை கிடையாது. பாட்டின் மிகச் சத்தமான இடத்திலும் மீட்டர் 0 டெசிபெலைத் தொடாதபடி பதிவு அளவை வைத்துக்கொள்ளுங்கள்.