ஹொரமாவு வீடும் 75 லட்சமும்

அன்புள்ள சார்,

பெங்களூரில் சர்ஜாபூர் ரோடு பக்கம் கசவனஹள்ளியில் குடியிருக்கிறேன். 2013-ல் ஹொரமாவில் ஒரு டபுள் பெட்ரூம் ஃபிளாட் வாங்கினேன், பத்திரச் செலவோடு 48 லட்சம், பி-கத்தா (மாநகராட்சிப் பதிவேட்டில் அங்கீகாரக் குறையுள்ள சொத்து என்று இருப்பது). அம்மா பால் காய்ச்சிய வீடு, கடைசிவரை அங்கேதான் இருந்தார். இப்போது வாடகைக்கு விட்டிருக்கிறேன், மாதம் 22,000. ஒருவர் 62 லட்சத்துக்குக் கேட்கிறார். வட்டி, மரவேலை எல்லாம் சேர்த்தால் எனக்கு 75 அடங்கியிருக்கிறது, அதற்குக் கீழே விட மனசு வரவில்லை. போன மாதம் போய்ப் பார்த்தால், அம்மா கேட்டுக் கட்டவைத்த பூஜை மேடையில் வைஃபை பெட்டியை வைத்திருக்கிறார்கள். அன்று ராத்திரி தூக்கமில்லை. விற்று, இப்போதைய வீட்டுக் கடன் பாக்கி 40 லட்சத்தை (எட்டரை சதவீத வட்டி) அடைத்துவிடலாம் என்கிறாள் மனைவி. என்ன செய்யட்டும்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. ஒரே வரியில் முடித்திருப்பேன், அந்த 75 லட்சம்தான் விடமாட்டேன் என்கிறது.

பார்க்கக் கணக்கு மாதிரியே இருக்கிறது. ஆனால் நீங்கள் பேங்குக்குக் கட்டிய வட்டியும் கார்பெண்டருக்குக் கொடுத்த கூலியும் வாங்க வருகிறவருக்கு எதற்கு? பக்கத்துத் தெருவில் அதே அளவு வீடு என்ன விலைக்குப் போகிறது, மழை பெய்தால் பேஸ்மென்டில் தண்ணீர் நிற்குமா, கத்தா ஏ-யா பி-யா என்றுதான் அவர் பார்ப்பார். பி-கத்தா என்றாலே பல பேங்குகள் கடன் தர யோசிக்கும் என்பதால் உங்கள் வீட்டைக் கேட்டு வருகிறவர்களே குறைச்சல். தவிர, அங்கே நீங்கள் குடியிருந்த வருஷங்களில் வாடகை கொடுக்கவில்லையே, அந்த வட்டியில் ஒரு பங்கை அதற்கு ஈடாக வைத்துக்கொள்ளக் கூடாதா?

இது உங்களுக்கு மட்டும் இருக்கிற வியாதி இல்லை. 1990-களில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஃபிளாட் விற்றவர்களை ஜெனிசோவ், மேயர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்து 2001-ல் எழுதினார்கள். வாங்கிய விலைக்குக் கீழே விற்கவேண்டிய நிலையில் இருந்தவர்கள் மற்றவர்களைவிட விலையை ஏற்றிச் சொன்னார்கள், கொஞ்சம் கூடுதலாகவும் வாங்கினார்கள், ஆனால் அவர்கள் வீடு விற்க ரொம்ப நாள் ஆனது. முதலீட்டுக்கென்று வாங்கியவர்களுக்கும் இதே கதைதான், குடியிருந்தவர்களைவிடப் பாதி அளவுக்கு.

காத்திருப்பதற்கு உங்களுக்கு என்ன செலவாகிறது தெரியுமா? வருஷ வாடகை 2,64,000. ஆள் மாறும்போது காலியாகக் கிடக்கும் மாதம், பெயிண்ட், சொத்து வரி எல்லாம் கழித்தால் இரண்டேகால் லட்சம் நின்றால் பெரிது. அந்தப் பக்கம் 40 லட்சத்துக்கு வட்டி மட்டும் வருஷத்துக்கு 3,40,000 போகிறது. அதாவது 62 லட்சத்தை ஹொரமாவில் தூங்கவிட்டு, 40 லட்சத்துக்கு அந்த வாடகையைவிட அதிகமாக வட்டி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

வரிக்குப் பயந்தும் நிறுத்தவேண்டாம். 2024 ஜூலை 23-க்கு முன்னால் வாங்கிய வீடு என்பதால் லாபத்தில் 12.5 சதவீதமா, பணவீக்கத்தைக் கழித்த பிறகு 20 சதவீதமா, எது குறைவோ அது போதும். வரிக் கணக்குக்கான பணவீக்கக் குறியீட்டெண் 2013-14-ல் 220, 2025-26-ல் 376. அதன்படி உங்கள் 48 லட்சம் 82 லட்சம் ஆகிறது. லாபமே இல்லை என்று ஆகிவிடுவதால் வரியும் இல்லை. (ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.) அப்புறம், இதே கணக்கில் பார்த்தால் 75-க்கு விற்றாலும் நஷ்டம்தான், அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்குவதில் அர்த்தமில்லை.

பூஜை மேடை விஷயம் வேறு. அதற்கு வருத்தப்படுவதில் தப்பே இல்லை, ஆனால் அந்த வருத்தத்தை விலையில் ஏற்றினால் யாரும் கொடுக்கமாட்டார்கள். அந்த மேடைக் கல்லை நான் எடுத்துக்கொள்வேன் என்று அக்ரிமென்டிலேயே எழுதிவிடுங்கள். ஒரு மேஸ்திரிக்கு அரைநாள் வேலை, வாங்குகிறவர் மறுக்கமாட்டார்.

64 கேட்டுப் பாருங்கள், 63-க்கு வந்தாலும் முடித்துவிடுங்கள். அதற்கு முன்னால் அவருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று விசாரியுங்கள். பேங்க் கடனை நம்பி வருகிறார் என்றால், பி-கத்தாவுக்குக் கொடுக்கிற பேங்கிலிருந்து சாங்ஷன் கடிதம் வந்த பிறகு அட்வான்ஸ் வாங்கினால் போதும்.