தவறு செய்த சிறாருக்காகக் குடும்பம் கூடும்போது: கேள்வி பதில்

சிறார் குற்ற வழக்குகளில் குடும்பத்தாரே முன்னின்று முடிவெடுக்கும் கூட்டங்களைப் பற்றி நெல்லைப் பகுதியிலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

ஐயா, ஊர்ப் பஞ்சாயத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? (அம்பாசமுத்திரம்)

பஞ்சாயத்தில் பெரியவர்கள் தீர்ப்புச் சொல்வார்கள், தகப்பனார் அபராதம் கட்டுவார், பையன் கைகட்டி நிற்பதோடு சரி. நியூசிலாந்தில் அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் வழக்கத்தைத் தழுவி 1989ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்படுத்திய கூட்டத்தில் தீர்ப்புச் சொல்பவர் எவருமில்லை. நடந்ததை எல்லோரும் கேட்ட பிறகு காவலரும் கூட்டத்தை நடத்துபவரும் வெளியேறிவிட, குடும்பத்தார் மட்டும் தனியே கலந்து பேசி, இழப்பை எப்படி ஈடுசெய்வது, பையனை யார் பார்த்துக்கொள்வது என்று ஒரு திட்டத்தோடு திரும்புவார்கள். அந்தத் தனிமை நேரத்தை அவசரத்தில் வெட்டிவிட்டால், மிஞ்சுவது பஞ்சாயத்துத்தான்.

நம் சட்டத்தில் இதற்கு இடம் உண்டா? (சேரன்மகாதேவி)

2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தில் இப்படியொரு கூட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை. ஆனால் சிறாருக்கும் பெற்றோருக்கும் ஆலோசனை, குழு ஆலோசனை, சமூகப் பணி ஆகியவற்றை, சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமம் உத்தரவிட 18ஆம் பிரிவு வழி தருகிறது. அதனால் குழுமத்தின் அனுமதியும் நன்னடத்தை அலுவலரின் துணையும் இல்லாமல் யாரும் தாமாக இதைத் தொடங்க வேண்டாம். செய்யவில்லை என்று மறுக்கும் பிள்ளையைக் கூட்டத்துக்கு அழைக்கவே கூடாது. சிறாரின் அடையாளத்தை வெளியிடுவதை 74ஆம் பிரிவு தடுப்பதால், கூட்டத்தில் எடுத்த படம் வாட்ஸ்அப்பில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

யாரையெல்லாம் அழைப்பது? (வள்ளியூர்)

இதை அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள். பைக் திருடிய பதினைந்து வயதுப் பையன் ஒருவனிடம் நான் கேட்டபோது, அவன் தகப்பனாரையோ தாய்மாமனையோ சொல்லாமல், பீடி சுற்றும் தன் ஆச்சியின் பெயரைச் சொன்னான். கூட்டத்தில் மாமா சத்தம் போட்டபோது தரையைப் பார்த்தபடியே இருந்தவன், ஆச்சி முந்தானையில் முடிந்திருந்த ரூபாய் நோட்டுகளை அவிழ்த்துப் பைக்காரர் முன்னால் வைத்ததும் எழுந்து, அவற்றை எடுத்து ஆச்சியின் கையிலேயே திணித்துவிட்டு, "நான் வேலை பார்த்துக் கொடுக்கேன்" என்றான். பைக்காரர் அதற்குச் சம்மதித்தார். அந்த ஒரு நாளுக்கு முன்னால் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு மூன்று முறையாவது தனித்தனியே போயிருக்கிறேன், உழைப்பெல்லாம் அங்கேதான். பாதிக்கப்பட்டவரை வற்புறுத்தக் கூடாது. அவர் தமக்குத் துணையாக ஒருவரை அழைத்து வரலாம், தமக்குப் பதிலாக ஒருவரை அனுப்பலாம், வராமலும் இருக்கலாம்.

இரு வீட்டாரும் வேறு வேறு சாதி என்றால்? (நாங்குநேரி)

இந்த மாவட்டத்தில் எனக்கு மிகுந்த கவலை தரும் கேள்வி இதுதான். எந்தத் தெருவிலும், எந்தச் சமுதாயக் கூடத்திலும் வைக்காதீர்கள். அலுவலக அறையோ பொது நூலகமோ போதும். எல்லோருக்கும் ஒரே வகை நாற்காலி, ஒரே வகை டம்ளர். சாதித் தலைவர்கள் வரவே கூடாது. வந்துவிட்டால் அன்றைக்குக் கூட்டத்தை நடத்தாமல் ஒத்திவையுங்கள். சாதி வெறியால் தாக்கப்பட்டவர், "அவன் முகத்தில் விழிக்க மாட்டேன்" என்றால் அதோடு நிறுத்திவிட்டு வழக்கை அதன் வழியில் விடுங்கள். அவரைச் சமாதானத்துக்கு இழுப்பது இரண்டாவது முறை அடிப்பதாகும்.

பையன் மன்னிப்புக் கேட்க மறுத்தால்? (மேலப்பாளையம்)

கேட்கச் சொல்லாதீர்கள். என்ன செய்யப் போகிறான், எந்தத் தேதிக்குள், வீட்டில் யார் அதைக் கவனிப்பார் என்று எழுதி வாங்குங்கள். ஒரு மாதம் கழித்து அந்தத் தாளோடு அவன் வீட்டுக்குப் போங்கள்.