கீமோ நோயாளியின் போன் வந்தால் முதலில் என்ன கேட்பது?

கேள்வி: வார்டில் வேலை பார்த்த செவிலியர் நான். இப்போது சென்னையில் ஒரு புற்றுநோய் சிகிச்சை மையத்தில் நோயாளிகளின் போன் அழைப்புகளைக் கவனிக்கும் பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள். ஆளைப் பார்க்காமல் எது அவசரம் என்று எப்படி முடிவு செய்வது? எல்லோரையும் கிளம்பி வரச் சொன்னால் டாக்டர் கோபப்படுகிறார்.

பதில்: போனில் நீங்கள் நோயைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இவர் எங்கே போகவேண்டும், எவ்வளவு நேரத்துக்குள் போகவேண்டும், இந்த இரண்டுக்கு விடை தெரிந்தால் போதும்.

எடுத்தவுடன் பெயர், மருத்துவமனைப் பதிவு எண், திரும்ப அழைக்க ஒரு எண், இப்போது இருக்கும் ஊர். லைன் கட்டானால் பாதியில் நிற்காமலிருக்கத்தான் இது. அடுத்த கேள்வி: என்ன மருந்து, கடைசியாக எந்தத் தேதியில் ஏறியது? இது தெரியாமல் அறிகுறிகளைக் கேட்டுப் பயனில்லை. ஒரே வயிற்றுப்போக்குக்கு மருந்தைப் பொறுத்து நேரெதிரான பதில்கள் உண்டு.

காய்ச்சலிலிருந்து தொடங்குவோம். அதிகம் ஏமாற்றுவது அதுதான். பெரும்பாலான கீமோ மருந்துகளில் 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள்வரை வெள்ளையணுக்கள் அடிமட்டத்தில் இருக்கும். அந்த நாட்களில் 100.4 டிகிரி பாரன்ஹீட், அதாவது 38 செல்சியஸ், தொட்டாலே அவசரம். மருத்துவமனைக்குள் வந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஆன்டிபயாடிக் ஏறவேண்டும். ஆனால் நம் ஆட்கள் காய்ச்சல் என்று சொல்லமாட்டார்கள். ‘உடம்பு லேசா கணகணன்னு இருக்கு’, ‘அசதியா இருக்கு, அவ்வளவுதான்’ என்பார்கள். ‘தெர்மாமீட்டர் வச்சுப் பார்த்தீங்களா?’ என்று கேளுங்கள். காபி குடித்த வாயோடு பார்த்தால் கூடுதலாகக் காட்டும், கால் மணி நேரம் கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அக்குளில் வைத்தால் வாயைவிடக் குறைவாகக் காட்டும். ஆசனவாயில் மட்டும் வைக்கக்கூடாது.

அதோடு, ‘மாத்திரை ஏதாவது போட்டீங்களா?’ என்பதையும் விடாமல் கேளுங்கள். பாராசிட்டமால் போட்டபின் 99 என்று சொன்னால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. வாந்திக்கென்று கொடுத்த டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் காய்ச்சலை மறைக்கும். வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் குழப்பமும் தூக்கக் கலக்கமும் மட்டும் வரலாம். குளிர் நடுக்கம் இருந்தால், எண் எதுவானாலும், மருத்துவமனைக்கு அனுப்பிவிடுங்கள். போர்ட்டை, அதாவது மருந்து ஏற்றத் தோலுக்கடியில் பொருத்திய குழாயை, கழுவிய கொஞ்ச நேரத்தில் நடுக்கம் வந்ததென்றால் அந்தக் குழாயிலேயே தொற்று இருக்கலாம்.

வயிற்றுப்போக்குக்கு எண்ணிக்கை வேண்டும்: வழக்கமாக எத்தனை முறை, இன்று எத்தனை முறை. பக்கவிளைவின் தீவிரத்தில், வழக்கத்தைவிட 4 முதல் 6 முறை கூடினால் இரண்டாம் நிலை, 7 முறையோ அதற்கு மேலோ கூடினால் மூன்றாம் நிலை. கேபெசிடபைன் என்ற கீமோ மாத்திரை எடுப்பவர் இரண்டாம் நிலையைத் தொட்டாலே, மருத்துவர் சொல்லும்வரை மாத்திரையை நிறுத்தவேண்டும். விட்ட வேளைகளைப் பிறகு சேர்த்துப் போடக்கூடாது. வயிற்றுப்போக்கை அடக்கும் லோபெரமைடு கொடுப்பதென்றால் முதலில் 4 மில்லிகிராம், பிறகு ஒவ்வொரு முறை போனபின்னும் 2, ஒரு நாளுக்கு 16க்கு மேல் போகாமல் என்பது வழக்கமான அளவு. மருத்துவர் கையெழுத்திட்ட நிலையான உத்தரவு மேசையில் இருந்தால் மட்டுமே இதை நீங்கள் சொல்லலாம். ஆனால் நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் போன்ற நோயெதிர்ப்புச் சிகிச்சை எடுத்தவராக இருந்தால் கதையே வேறு. அங்கே குடலைத் தாக்குவது அவருடைய நோயெதிர்ப்பு மண்டலமே. தேவைப்படுவது ஸ்டீராய்டாக இருக்கும். லோபெரமைடு கொடுத்தால் அறிகுறி அடங்கி உள்ளே புண் முற்றக்கூடும். ஊசி நிறுத்திச் சில மாதங்கள் ஆனபின்னும் இது வரலாம் என்பதால், ‘இப்போ சிகிச்சை எதுவும் இல்லை’ என்ற பதிலோடு நின்றுவிடாதீர்கள்.

யோசிக்க இடமில்லாத அழைப்புகளும் சில உண்டு. புற்றுநோய் எலும்புக்குப் பரவிய நோயாளிக்குப் புதிதாக முதுகுவலி வந்து, கால் தளர்ந்தாலோ மரத்தாலோ, சிறுநீர் போகச் சிரமப்பட்டாலோ தண்டுவடம் அழுந்துகிறது என்று எடுத்துக்கொண்டு, அன்றே வரவழையுங்கள். கேபெசிடபைனோ அதே வகை மருந்தான ஃப்ளூரோயுராசிலோ எடுக்கும்போது நெஞ்சுவலி என்றால் மருந்தை நிறுத்தி 108ஐ அழைக்கச் சொல்லுங்கள். இதய ரத்தக்குழாய் இறுகியிருக்கலாம்.

டாக்டரின் கோபத்துக்கு மருந்து, ஒரு எழுத்துபூர்வமான அட்டவணை. பிரிட்டனின் புற்றுநோய்ச் செவிலியர் சங்கமான யூகான்ஸ் வகுத்த முறையில் ஒவ்வொரு அறிகுறிக்கும் சிவப்பு, ஆம்பர் (ஆரஞ்சு கலந்த மஞ்சள்), பச்சை என்று நிறம் உண்டு. ஒரு சிவப்பு இருந்தால் உடனே நேரில் பார்க்கவேண்டும். ஒரே ஒரு ஆம்பர் என்றால் 24 மணி நேரத்துக்குள் மறுபடி விசாரிக்கவேண்டும். இரண்டு ஆம்பர் சேர்ந்தால் அதுவும் சிவப்பே. இதை மாதிரியாக வைத்து உங்கள் மையத்துக்கென்று ஒன்று எழுதி, மருத்துவர்களிடம் கையெழுத்து வாங்குங்கள். அதன்பின் ‘ஏன் அனுப்பினீர்கள்’ என்ற கேள்வி உங்களைத் தனியாக நோக்கி வராது. அட்டவணையில் இல்லாத ஒன்றை நீங்களும் எழுதிச் சேர்க்கலாம்: அதே தொந்தரவுக்கு இரண்டாவது முறை போன் வந்தால் ஒரு படி ஏற்றிவிடுங்கள்.

பேசுவது பெரும்பாலும் மகனாகவோ மருமகளாகவோ இருக்கும். ‘அம்மாகிட்ட போனைக் குடுங்க’ என்று கேட்டு இரண்டு வாக்கியமாவது பேசவையுங்கள். மூச்சு வாங்குகிறதா, வார்த்தை குழறுகிறதா என்பது அந்த அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். வாட்ஸ்அப்பில் வரும் செய்திக்கு அங்கேயே பதில் எழுதாதீர்கள், திரும்ப அழையுங்கள்.

திருவண்ணாமலையிலிருந்து காய்ச்சலோடு அழைப்பவரைச் சென்னைக்கு வரச் சொல்வது தவறு. வழியிலேயே பல மணி நேரம் போய்விடும். பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகச் சொல்லிவிட்டு, கீமோவின் பெயர், கடைசித் தேதி, ரத்த அணு குறைந்திருக்கலாம் என்ற விவரம் ஆகியவற்றை அங்குள்ள பணி மருத்துவரிடம் நீங்களே போனில் சொல்லுங்கள். இந்த விவரங்கள் அச்சிட்ட அட்டை ஒவ்வொரு நோயாளியின் பையிலும் இருந்தால் வேலை பாதி குறையும்.

பதிவேட்டில் நேரம், அவர்கள் சொன்ன வார்த்தை அப்படியே, நீங்கள் சொன்ன அறிவுரை, அதை அவர்கள் திருப்பிச் சொன்னார்களா என்பது, எந்த மருத்துவரிடம் தெரிவித்தீர்கள் என்பது ஆகியவை இருக்கவேண்டும். மருத்துவர் போனில் மருந்து சொன்னால் பெயரையும் அளவையும் திரும்ப வாசித்துக் காட்டி உறுதிசெய்தபின் எழுதுங்கள். ஷிப்ட் மாறும்போது, மறுபடி விசாரிக்கவேண்டிய ஆம்பர் அழைப்புகளை எழுதிக் கையில் கொடுங்கள். வாய்ப்பேச்சில் ஒப்படைத்தவைதான் தவறிப்போகின்றன.