பத்திரத்தில் கார் பார்க்கிங் இருந்தும், "முதலில் வந்தவருக்கே இடம்" என்று சங்கம் சொன்னால் என்ன செய்வது?

கேட்டவரின் நிலைமை இது: சென்னையில் ஸ்டில்ட் பார்க்கிங் (கட்டடத்துக்கு அடியில், தூண்களுக்கு நடுவே வண்டி நிறுத்தும் தளம்) உள்ள அடுக்குமாடியில் ரீசேலில் ஃபிளாட் வாங்கியிருக்கிறார். கவர்டு கார் பார்க்கிங் உண்டு என்று சொல்லித்தான் விற்றார்கள். குடிவந்து பார்த்தால் அங்கே வேறொருவர் வண்டி நிற்கிறது. சங்கத்தில் கேட்டால், "பார்க்கிங் எல்லாருக்கும் பொது சார், யார் முதலில் வருகிறார்களோ அவர்கள் நிறுத்தலாம்" என்கிறார்கள்.

நான் வக்கீல் இல்லை. மடிப்பாக்கத்தில் 18 வீடுகள் கொண்ட ஒரு கட்டடத்தில் நான்கு வருடம் சங்கச் செயலாளராக இருந்தவன். தண்ணீர் லாரி, லிஃப்ட், நாய் என்று எல்லாப் பஞ்சாயத்தும் என் வீட்டு வாசலுக்குத்தான் வரும். அதில் பாதிக்கு மேல் பார்க்கிங்.

இப்போதைக்கு யாரிடமும் சண்டைக்குப் போகாதீர்கள். கிரயப் பத்திரத்தை எடுத்து, கடைசியில் இருக்கும் ஷெட்யூலை, அதாவது சொத்து விவரப் பகுதியைப் படியுங்கள். மனையில் உங்களுக்குள்ள பிரிபடாத பங்கு இவ்வளவு, ஃபிளாட் இத்தனை சதுர அடி என்று எழுதிய இடத்திலேயே கார் பார்க்கிங் பற்றி ஒரு வரி இருக்க வேண்டும். அந்த வரி இருந்தால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். அதில் இடத்தின் எண்ணும் இருந்தால் சங்கத்தின் வாதம் நிற்காது. எண் இல்லாமல் "ஒரு கவர்டு கார் பார்க்கிங்" என்று மட்டும் இருந்தால், உங்களுக்கு ஓர் இடம் உண்டு, ஆனால் எது என்பதற்கு வேறு தாள் வேண்டும்.

பழைய ஃபிளாட்டுகளில் இங்கேதான் எல்லாரும் மாட்டிக்கொள்வார்கள். நம் ஊரில் வெகுகாலம் பிரிபடாத பங்குக்கு ஒரு கிரயப் பத்திரம், கட்டடத்துக்குத் தனியாக ஒரு கட்டுமான ஒப்பந்தம் என்றுதான் நடந்தது. 2023 டிசம்பரில் பதிவுத்துறை நிலப் பங்கையும் கட்டடத்தையும் சேர்த்து ஒரே மதிப்பில் பதியும் கூட்டு மதிப்பு முறையைக் கொண்டுவந்த பிறகுதான் புது ஃபிளாட்டுகளுக்கு இது மாறியது. அதனால் முதல் உரிமையாளரின் பார்க்கிங் எண் பெரும்பாலும் அந்தக் கட்டுமான ஒப்பந்தத்திலோ, பில்டரின் லெட்டர்ஹெட்டில் கொடுத்த அலாட்மென்ட் கடிதத்திலோ கிடக்கும். ரீசேல் நடக்கும்போது அந்தத் தாளை யாரும் கேட்பதில்லை, விற்றவரும் கொடுப்பதில்லை. உங்களுக்கு விற்றவரின் போன் நம்பர் இன்னும் இருந்தால் இன்றே கேளுங்கள்.

சரி, "பார்க்கிங் பொது" என்று அவர்கள் சொல்வதில் உண்மையே இல்லையா என்றால், இருக்கிறது. வெட்டவெளி பார்க்கிங் பொது இடம் என்று 2016-ஆம் ஆண்டின் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டமே சொல்கிறது. அதைப் பில்டர் தனியாக விற்க முடியாது. ஸ்டில்ட்டைப் பற்றி 2010-இல் உச்ச நீதிமன்றம், மகாராஷ்டிரத்தின் ஃபிளாட் சட்டத்தை வைத்து ஒரு தீர்ப்புச் சொன்னது: ஸ்டில்ட் பார்க்கிங் 'கராஜ்' ஆகாது, அதைத் தனிச் சொத்துபோல விற்க பில்டருக்கு உரிமையில்லை. ரெராவிலும் கராஜ் என்றால் கூரையும் மூன்று பக்கச் சுவரும் வேண்டும். நம் ஸ்டில்ட்டில் சுவருக்கு எங்கே போவது, தூண்தானே இருக்கிறது!

இந்தத் தீர்ப்பை வாட்ஸ்ஆப்பில் படித்துவிட்டுத்தான் பல சங்கங்கள் "எல்லாம் பொது" என்று கிளம்புகின்றன. எங்கள் வக்கீல் எனக்குப் புரியவைத்தது வேறு. தரையை நீங்கள் தனியாக வாங்கவில்லை, வெளியாள் ஒருவருக்கு அதை மட்டும் பிரித்து விற்கவும் முடியாது. ஆனால் ஃபிளாட்டோடு சேர்த்து ஒதுக்கிய இடத்தில் வண்டி நிறுத்தும் உரிமை உங்களுடையது. நாலு பேர் கூடிக் கைதூக்கி அதைப் பறித்துவிட முடியாது.

அடுத்தது சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) ஒப்புதல் கொடுத்த வரைபடம். இதைப் பார்க்காமல் பேசுவது வீண். திட்டம் ரெராவில் பதிவானதாக இருந்தால் தமிழ்நாடு ரெரா இணையதளத்திலேயே தேடிப் பாருங்கள். பழைய கட்டடம் என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு நகல் கேட்கலாம்.

எங்கள் கதையைக் கேளுங்கள். பில்டர் 16 பேரிடம் பார்க்கிங்குக்குக் காசு வாங்கியிருந்தார். வரைபடத்தில் இருந்தது 13. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை டேப்பைப் பிடித்துக்கொண்டு நானும் பொருளாளரும் ஒவ்வொரு இடமாக அளந்தோம். வரைபடத்தில் இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம். ஒன்பதாம் நம்பரில் தூண் போக மிஞ்சியது 2.1 மீட்டர். மூன்றாம் மாடி மாமா அங்கே ஆல்டோ வைத்திருந்தவரை ஒரு சத்தமும் இல்லை. அவர் பையன் இன்னோவா வாங்கினான். முதல் நாள் உள்ளே விட்டான், கதவு திறக்கவில்லை, டிக்கி வழியாக ஏறிக் குதித்து வந்தான். மறுநாளிலிருந்து வண்டி நாலாம் நம்பரில். நாலாம் நம்பர்க்காரரிடம் அப்போது காரே கிடையாது, அவரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வருடம் கழித்து அவர் கார் வாங்கியபோது, "இத்தனை நாள் நான்தானே நிறுத்துகிறேன்" என்று பையன் சண்டைக்கு நின்றான். உங்கள் இடத்தில் நிறுத்துகிறவரும் அநேகமாக இப்படித்தான் வந்து உட்கார்ந்திருப்பார். நீங்களும் பேசாமல் இருந்தால் நாளைக்கு அதையே வழக்கம் என்பார்.

சங்கத்துக்கு அதிகாரமே இல்லை என்று சொல்லவில்லை. விருந்தினர் வண்டி, டூவீலர் வரிசை, ஸ்டிக்கர், கார் கழுவும் நேரம் இதற்கெல்லாம் அவர்கள் விதி போடலாம், போடத்தான் வேண்டும். 1994 சட்டத்துக்குப் பதிலாக 2022-இல் வந்த தமிழ்நாடு அடுக்குமாடி உரிமைச் சட்டத்திலும் பொது இடங்களை நிர்வகிப்பது சங்கத்தின் வேலைதான். ஆனால் "வாடகைக்காரர்களுக்குப் பார்க்கிங் கிடையாது" என்று பல இடங்களில் போர்டு மாட்டுகிறார்களே, அது அடாவடி. உரிமையாளர் தன் இடத்தைக் குடியிருப்பவருக்குக் கொடுத்தால் அதில் சங்கத்துக்கு என்ன நஷ்டம்? (மழைக்காலத்தில் மட்டும் இந்தக் கௌரவமெல்லாம் காணாமல் போய், சொந்தக்காரர் வாடகைக்காரர் எல்லாரும் ஒன்றாக வேளச்சேரி மேம்பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டு வருவோம்.)

நீங்கள் செய்ய வேண்டியது: ஷெட்யூல் நகல், அலாட்மென்ட் கடிதம், வரைபடம் மூன்றையும் இணைத்துச் செயலாளருக்குக் கடிதமாகக் கொடுங்கள். வாட்ஸ்ஆப் குழுவில் போடாதீர்கள், அங்கே குட்மார்னிங்குக்கு நடுவில் கரைந்துவிடும். நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். பொதுக்குழுவில் பார்க்கிங் ஒதுக்கீட்டை அஜெண்டாவில் சேர்க்கச் சொல்லி, முடிவை மினிட்ஸ் புத்தகத்தில் எழுத வையுங்கள். பில்டரே ஓர் இடத்தை இரண்டு பேருக்குக் கொடுத்திருந்தால், பதிவான திட்டங்களுக்கு ரெராவில் புகார் கொடுக்கலாம். பக்கத்து வீட்டுக்காரரோடுதான் தகராறு என்றால் வக்கீல் நோட்டீஸ், அப்புறம் சிவில் கோர்ட். எது செய்தாலும் அவர் வண்டிச் சக்கரத்தில் பூட்டுப் போடாதீர்கள், காற்றைப் பிடுங்காதீர்கள். வழக்கு உங்கள் மேல் திரும்பிவிடும்.

எங்கள் கட்டடத்தில் கடைசியில் கோர்ட்டுக்குப் போகவில்லை. மினிட்ஸ் புத்தகத்தில் 13 இடங்களையும் எண்ணோடும் வரைபடத்தோடும் ஒட்டி, எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினோம். ஒன்பதாம் நம்பரில் இப்போது மாமாவின் பழைய ஆல்டோவே நிற்கிறது. இன்னோவா தெருவில், புங்கை மரத்தடியில். தினமும் காலையில் பையன் காக்காய் எச்சத்தைத் துடைத்துக்கொண்டிருப்பான், என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.