குளிருக்குச் சாத்திய ஜன்னலும் ஞாயிறு ஆராதனையும்

கேள்வி: தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்ட ஆலயத்தின் செயலாளர் நான். ஞாயிறு ஆராதனைக்கு எண்பது பேர் வருவார்கள். கோவிட் காலத்தில் வாசலில் காய்ச்சல் பார்த்தோம், சனிக்கிழமைகளில் பிளீச் தெளித்தோம். குளிருக்காக ஜன்னல்களை மட்டும் சாத்தியே வைத்திருந்தோம். மறுபடி அப்படியொரு தொற்று வந்தால் இவ்வளவும் போதுமா, டொக்டர்?

பதில்: போதாது. அந்தச் சாத்திய ஜன்னல்தான் எனக்குக் கவலை.

கோவிட் பெரும்பாலும் மூச்சுக்காற்று வழியாகத்தான் தொற்றுகிறது. பேசும்போது வெளிவரும் நுண்துளிகள் பாடும்போது இன்னும் கூடும். மூடிய இடத்தில் அவை நெடுநேரம் மிதக்கும். 2020 மார்ச்சில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடகர் குழு இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தது. வந்த 61 பேரில் ஒருவருக்குத்தான் தடிமன் போல அறிகுறி இருந்தது. அடுத்த நாட்களில் மேலும் 52 பேர் நோயில் விழுந்தார்கள், இருவர் இறந்தார்கள்.

ஜன்னலை அகலத் திறக்கச் சொல்லவில்லை. உள்ளே சூடும் வெளியே குளிருமாக இருந்தால் காற்று தானாகவே ஓடும். அந்த வகையில் மலைநாட்டுக் குளிர் உங்களுக்கு உதவிதான். எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டிரண்டு ஜன்னல்களை ஒரு சாண் அளவு திறந்து, காற்றில் அடித்துக்கொள்ளாமல் கட்டை வையுங்கள். கூரைக்குக் கீழே உள்ள காற்றுத் துவாரங்களைப் பலகையோ கடதாசியோ வைத்து அடைத்திருந்தால் முதலில் அதை எடுங்கள். சூடான மூச்சு மேலேறி அந்த வழியாகத்தான் வெளியேறும். ஆராதனைக்கு அரை மணி முன்பே திறந்துவிட வேண்டும். ஸ்டாண்ட் ஃபேன் இருந்தால் ஒரு ஜன்னலில் வெளிப்பக்கம் பார்த்து வையுங்கள். மூடிய அறைக்குள் சுழலும் ஃபேன் கெட்ட காற்றையே கலக்கிக்கொண்டிருக்கும். ஜன்னல் கண்ணாடியின் உட்புறம் வியர்க்கிறதா பாருங்கள்: வியர்த்தால், ஆட்களின் மூச்சு வெளியேறவில்லை என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் திறவுங்கள்.

சனம் ஸ்வெட்டரும் சால்வையும் போட்டுக்கொண்டு வரட்டும். குளிருக்காக உள்ளே கரி நெருப்பு மூட்டவே கூடாது. அதிலிருந்து வரும் காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு வாசனை தெரியாமலே ஆளைக் கொல்லும்.

ஆராதனையை 40 நிமிடத்துக்குள் முடிக்கப் பாருங்கள். முடிந்தால் நாற்பது நாற்பது பேராக இரண்டு தடவை வைத்து, இடையே அரை மணி விடுங்கள். ஒரே வீட்டார் சேர்ந்து உட்காரலாம். பாட்டைக் குறைத்து, பாடும்போதும் மாஸ்க் மூக்கை மூடியிருக்கட்டும். வயதானவர்களையும் சீனி வருத்தம் உள்ளவர்களையும் பாடகர் குழுவுக்கு அருகில் உட்கார வைக்காதீர்கள்.

காய்ச்சல் பார்க்கும் கருவியைப் பெரிதாக நம்பவேண்டாம். பனியில் நடந்து வந்த நெற்றி குளிர்ந்திருக்கும். காய்ச்சல்காரருக்கும் குறைவாகவே காட்டும். அதோடு, அறிகுறி தொடங்க ஓரிரு நாள் முன்பே ஒருவரிடமிருந்து நோய் பரவலாம். இருமல், தொண்டை நோவு, காய்ச்சல் இருந்தால் வீட்டிலேயே இருங்கள் என்று முந்திய நாளே சொல்லியனுப்புவது அதைவிட அதிகப் பயன் தரும். பண்டிகைக்குக் கொழும்பிலிருந்து வரும் பிள்ளைகளுக்கும் இதே பேச்சுதான்.

திருவிருந்தில் ஒரே கிண்ணம் வேண்டாம். துணியால் துடைத்துக் கொடுப்பது பாதுகாப்பல்ல. முன்கூட்டியே ஊற்றி மூடிவைத்த சிறு கிண்ணங்கள் நல்லது. குருவானவர் அப்பம் தொடுமுன் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவட்டும். சானிடைசர் என்றால் கை நன்றாகக் காயும்வரை மெழுகுதிரி அருகே போகக்கூடாது. அதிலுள்ள அல்கஹோல் பற்றிக்கொள்ளும்.

பிளீச்சைத் தெளிப்பதை விட்டு, துணியில் நனைத்து பெஞ்சையும் கதவுப் பிடியையும் துடைத்தால் போதும். 5 சதவீத பிளீச் என்றால் ஒரு லீற்றர் தண்ணீருக்கு 20 மில்லிலீற்றர்; அன்றன்றே கலக்க வேண்டும். அழுக்கு இருந்தால் முதலில் சவர்க்காரத்தால் கழுவுங்கள், அழுக்கின் மேல் பிளீச் சரியாக வேலை செய்யாது. கழிவறை அமிலத்தோடு ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

சபையில் யாருக்காவது மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு இறுகினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ ஆராதனை முடியும்வரை காத்திராமல் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.