கவசம் ஒரு நாள் விட்டுப்போச்சு, இப்ப அதுக்கே பயமா இருக்கு!

வாசகர் கேள்வி – பதில்

இந்த தடவை வந்த கடிதம், வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாத்தையும் பிரிச்சுப் பாத்தா பாதிக்கு மேல ஒரே விஷயம்தான். பயம், படபடப்பு, தூக்கம் வரல, என்ன ஸ்லோகம் சொல்லலாம். சரின்னு இந்த இதழை முழுசா அதுக்கே ஒதுக்கிட்டேன், மத்த கேள்வி அனுப்பினவங்க கோவிச்சுக்காதீங்க, அடுத்த இதழ்ல வரும்.

கேள்வி: ஐயா, எனக்கு ராத்திரி ரெண்டு மூணு மணிக்கு திடீர்னு முழிப்பு வந்து நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. அப்ப படுத்துக்கிட்டே கந்த சஷ்டி கவசம் சொல்லலாமா? குளிக்காம சொல்லவே கூடாதுன்னு மாமியார் சொல்றாங்க. போன வாரம் ஒரு நாள் சொல்லாம தூங்கிட்டேன், அன்னிலேர்ந்து வீட்ல யாருக்காவது ஏதாவது ஆயிடுமோன்னு பயம் இன்னும் ஜாஸ்தி ஆயிடுச்சு. (பேர் வேண்டாம்னு கேட்டிருக்கும் வாசகி)

பதில்: அம்மா, உங்க மாமியார் சும்மா சொல்லல. கவசத்துலயே "ஆசாரத்துடன் அங்கம் துலக்கி"ன்னு வருது, காலையும் மாலையும் சுத்தபத்தமா இருந்து சொல்லணும்னுதான் தேவராய சுவாமிகள் எழுதியிருக்கார். ஆனா அது தினமும் நியமமா பாராயணம் பண்றவங்களுக்கு, ஒரு நாளைக்கு 36 உரு, அதாவது 36 தடவை ஜபிக்கிறவங்களுக்குச் சொன்ன முறை. நடு ராத்திரியில நெஞ்சு அடிச்சுக்கும்போது எழுந்து போய் குளிச்சுட்டு வந்து உக்காருன்னு எந்த முருகனும் சொல்லமாட்டான். அதே கவசத்துல "அரையிருள் தன்னில் அனையவேல் காக்க, ஏமத்தில் சாமத்தில் எதிர்வேல் காக்க"ன்னு ரெண்டு வரி இருக்கு பாருங்க, சாமத்துல முழிச்சுக் கெடக்குறவங்களுக்குன்னே எழுதின மாதிரி. படுத்துக்கிட்டே சொல்லுங்க, வாய்விட்டு வேண்டாம், மனசுக்குள்ள போதும். மாதவிலக்கு நாள்லயும் இதேதான், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வழக்கம் இருக்கும், பூஜை ரூம் விஷயத்துல அதை அனுசரிச்சுக்கோங்க, மனசுக்குள்ள சொல்றதை யாரும் தடுக்க முடியாது.

எப்படிச் சொல்றதுன்னு ஒரு வழி சொல்றேன். முழுப் பாட்டையும் கடகடன்னு ஒப்பிக்காதீங்க. "வதனம்", "நெற்றியை"ன்னு மேலேர்ந்து தொடங்கி கண், காது, மூக்கு, வாய், கழுத்து, மார்பு, வயிறு, தொடை, முழங்கால், பாதம்னு ஒவ்வொரு உறுப்பா கீழ இறங்கும்ல, அந்தப் பகுதியை மட்டும் எடுத்துக்கோங்க. நெற்றின்னு சொல்லும்போது கவனத்தை நெத்திக்குக் கொண்டு போங்க, புருவம் சுருங்கி இருந்தா தளர்த்துங்க, கண்ணுன்னு வரும்போது கண்ணு, அப்படியே ஒரு மூச்சு விட்டுட்டு அடுத்தது. இன்னிக்கு மனநல ஆலோசகர்கள் தலையிலேர்ந்து கால் வரைக்கும் உடம்பை ஒவ்வொரு பாகமா கவனிச்சுத் தளர்த்தச் சொல்றாங்களே, அதுக்கும் இதுக்கும் நடைமுறையில பெரிய வித்தியாசம் இல்ல, இங்க கூடவே ஒரு வேல் காவலுக்கு வருது அவ்வளவுதான். பாதம் வர்றதுக்குள்ள தூங்கிட்டா தூங்கிடுங்க, மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்னு இல்ல.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். ஒரு நாள் விட்டதுக்கு முருகன் உங்க வீட்டு ஆளுங்க மேல கை வைப்பான்னு நெனைக்கிறீங்களே, அவனைப் பத்தி நீங்க வச்சிருக்கிற அபிப்பிராயம் அவ்வளவுதானா? கவசத்தோட பின்பகுதியில "எத்தனை குறைகள் எத்தனை பிழைகள்"னு ஆரம்பிச்சு "பெற்றவன் நீ குரு, பொறுப்பது உன் கடன்"னு வரும். பிழை வரும்னு தெரிஞ்சேதான், அதைப் பொறுக்குறது உன் வேலைன்னு பாட்டுக்குள்ளயே எழுதி வச்சிருக்கார். நீங்க தினமும் அதைச் சொல்லிட்டே தாண்டிப் போயிடுறீங்க. கொஞ்ச நாளைக்கு வேணும்னே வாரத்துல ஒரு நாள் சொல்லாம இருந்து பாருங்க, நான் சீரியஸாத்தான் சொல்றேன், பயத்தைப் போக்க வந்த பாட்டு புதுசா ஒரு பயமா மாறிடக்கூடாது.

கேள்வி: என் பையனுக்கு அஷ்டமச் சனி, உயிருக்கே கண்டம்னு ஒரு ஜோசியர் சொல்லிட்டார். பரிகார ஹோமத்துக்கு பெரிய தொகை கேக்குறார். அதைக் கேட்டதுலேர்ந்து பையன் பைக் எடுக்க மாட்டேங்குறான், பரீட்சைக்கே போகமாட்டேன்னு உக்காந்திருக்கான். கோளறு பதிகம் படிச்சா சரியாகுமா? (ஒரு தாய்)

பதில்: படிங்க, கண்டிப்பா படிங்க. ஆனா அந்தப் பதிகம் பொறந்த கதையை முதல்ல பையனுக்குச் சொல்லுங்க, பாட்டை விட அது நல்லா வேலை செய்யும்னு எனக்குத் தோணுது.

திருமறைக்காட்டுல, அதாவது வேதாரண்யத்துல, அப்பரும் சம்பந்தரும் ஒண்ணா தங்கியிருக்காங்க. மதுரைக்கு வரச்சொல்லி பாண்டிய ராணி மங்கையர்க்கரசியார் கிட்டேர்ந்து ஆள் வருது. சம்பந்தர் கிளம்புறார். அப்பர் தடுக்குறார், அங்க சமணர் செல்வாக்கு, சமணர்கள் எனக்குப் பண்ணின கொடுமை கொஞ்சநஞ்சமில்ல, இப்ப கோளும் நல்லா இல்ல, போகாதீங்கங்குறார். தடுக்குறது யாருன்னு கவனிங்க. யானையை விட்டு மிதிக்க வச்சப்ப "அஞ்சுவது யாதொன்றும் இல்லை, அஞ்ச வருவதும் இல்லை"ன்னு பாடினவர், கல்லோட கட்டிக் கடல்ல போட்டப்ப "நற்றுணையாவது நமச்சிவாயவே"ன்னு பாடினவர். அப்படிப்பட்டவருக்கே, தனக்கு ஆபத்துன்னா கலங்காதவருக்கே, பாசம் வச்ச ஒரு சின்னப் பிள்ளைக்கு ஆபத்துன்னதும் கிரகம் ஞாபகத்துக்கு வருது. அதனால நீங்க பயந்ததுல தப்பே இல்லம்மா.

சம்பந்தர் என்ன பண்ணினார்? ஹோமமும் பண்ணல, நல்ல நாளுக்குக் காத்திருக்கவும் இல்ல. "வேயுறு தோளிபங்கன்"னு ஆரம்பிச்சு 11 பாட்டு பாடிட்டு கிளம்பிட்டார். ஞாயிறு, திங்கள்னு கிழமை வரிசையிலயே சனி வரைக்கும் பேர் சொல்லி, ராகு, கேதுங்குற பாம்பு ரெண்டையும் சேத்து, அடியாருக்கு "அவை நல்ல நல்ல"ன்னுட்டார். ஏன் நல்லதுன்னா, சிவன் "என் உளமே புகுந்த அதனால்"னு காரணமும் சொல்லிட்டார். கிரகம் எடம் மாறிச்சுன்னு அதுல எங்கயும் இல்ல.

இன்னொண்ணு, இதைப் பல பேர் சொல்றதில்ல. பதிகம் பாடிட்டுப் போனதால மதுரையில பிரச்சனையே வரலன்னு நெனைச்சுக்காதீங்க. அங்க போனதும் அவர் தங்கின மடத்துக்கே தீ வச்சாங்க. அப்ப அவர் பாடினது "ஐயனே அஞ்சல் என்று அருள்செய் எனை". கோளெல்லாம் நல்லதுன்னு பாடின அதே வாய்தான், எனக்கு பயப்படாதேன்னு ஒரு வார்த்தை சொல்லுன்னும் கேக்குது. பையன் கிட்ட இதைச் சொல்லுங்க. காலையில ஒரு பாட்டு படிச்சுட்டு ஹெல்மெட்டைப் போட்டுக்கிட்டு பரீட்சைக்குப் போகட்டும். அந்த ஜோசியர் கிட்ட இனிமே போகாதீங்க. சின்னப் பையன் முகத்தைப் பாத்து உயிர்க் கண்டம்னு சொல்றவர் சாஸ்திரம் எவ்வளவு படிச்சிருந்தாலும் எனக்கு ஒண்ணுதான்.

கேள்வி: இன்டர்வியூன்னா கை கால் நடுங்குது சார். அனுமன் சாலிசா காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் போன்ல ஓடிட்டே இருக்கு, ஒண்ணும் குறையல. மந்திரத்தை மாத்தணுமா? (வேலை தேடும் இளைஞர்)

பதில்: தம்பி, போன் ஜபிச்சா புண்ணியம் போனுக்குத்தான். துளசிதாசர் எழுதின 40 சௌபாயி, நல்லா நிறுத்தி ஒரு தடவை நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்க, நாள் முழுக்க ஸ்பீக்கர்ல ஓடுறதை விட அது மேல்.

கை நடுங்குறதுக்கு வெக்கப்படாதீங்க. கீதை முதல் அத்தியாயத்துல அர்ஜுனன் சொல்றதைப் படிச்சிருக்கீங்களா? கை கால் ஓஞ்சு போகுது, வாய் வறண்டு போகுது, உடம்பு நடுங்குது, மயிர்க்கூச்செறியுது, காண்டீவம் கையிலேர்ந்து நழுவுது, தோல் எரியுது, நிக்க முடியல, மனசு சுத்துது. உங்க லெட்டரும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கு, வில்லுக்குப் பதிலா சர்டிபிகேட் ஃபைல். இத்தனைக்கும் அவர் அன்னிக்கு அந்தக் களத்துல இருந்த பெரிய வில்லாளி.

வெளிய காத்திருக்குற நேரத்துல நாமஜபம் பண்ணுங்க, மூச்சோட சேத்து. மூச்சை மெதுவா உள்ள இழுங்க, வெளிய விடும்போது "ராம ராம"ன்னோ "நமசிவாய"ன்னோ இழுத்து மனசுக்குள்ள சொல்லுங்க, இழுத்ததை விட விடுறது நீளமா இருக்கணும். இதுல சூட்சுமம் ஒண்ணும் இல்ல. 2001ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல இத்தாலி டாக்டருங்க எழுதின ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, 23 பேரை வச்சு கிறிஸ்தவ ஜெபமாலையும் "ஓம் மணி பத்மே"ன்னு தொடங்குற மந்திரமும் சொல்லச் சொல்லி அளந்து பாத்திருக்காங்க, ரெண்டுலயும் மூச்சு நிமிஷத்துக்கு ஏறக்குறைய 6ன்னு இறங்கி, இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறி இறங்குறது அந்தத் தாளத்துக்கே வந்திருக்கு. அதனால மந்திரத்தை மாத்த வேண்டாம், வேகத்தை மாத்துங்க. முக்கியமா இன்டர்வியூ அன்னிக்கு மட்டும் ஆரம்பிச்சா வராது, சும்மா இருக்குற நாள்ல பழகி வச்சிருந்தாத்தான் அன்னிக்கு கைகொடுக்கும்.

கேள்வி: ஆறு வயசுப் பொண்ணு, இருட்டுன்னா அலறுறா. என்ன பாட்டு சொல்லித் தரலாம்?

பதில்: கந்தரலங்காரத்துல "விழிக்குத் துணை திருமென் மலர்ப்பாதங்கள்". நாலே வரி, கடைசியில "பயந்த தனி வழிக்குத் துணை வடிவேலும் செங்கோடன் மயூரமுமே"ன்னு வேலும் மயிலும் கூட வந்து நிக்கும், குழந்தைக்கு மயில் புடிக்கும். பக்கத்துல படுத்துக்கிட்டு நீங்க ஒரு வரி, அவ ஒரு வரி. அப்புறம் வீட்ல யாராவது "சாமி கண்ணைக் குத்தும்"னு சொல்லி மிரட்டுறாங்களான்னு பாருங்க, பகல்ல சாமியைக் காட்டி பயமுறுத்திட்டு ராத்திரி அதே சாமி காப்பாத்தும்னா குழந்தை யாரைத்தான் நம்பும்? சின்ன லைட் ஒண்ணும் எரியட்டும்.

கேள்வி: உக்கிர நரசிம்மர் படம் வீட்ல வச்சா சண்டை சச்சரவு வரும்னு சொல்றாங்களே?

பதில்: உங்களுக்கே பாக்க பயமா இருந்தா லட்சுமி நரசிம்மர் படம் வைங்க, விஷயம் முடிஞ்சுது. பாகவதத்துல அந்தக் கோபத்தைப் பாத்து தேவர்களெல்லாம் ஒதுங்கி நிக்க, லட்சுமியே கிட்டப் போகத் தயங்க, பிரகலாதன்தான் நேரா போய் கால்ல விழறான், பல்லையும் நகத்தையும் பாத்து எனக்கு பயமில்லங்குறான். வீட்ல சண்டை வந்தா படத்து மேல பழி போடாதீங்க.

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு பதட்ட நோய்னு டாக்டர் மாத்திரை குடுத்திருக்கார், கொஞ்சம் தேறியும் வந்தார். இப்ப ஒரு சாமியார், மாத்திரை சாப்பிட்டா தெய்வ சக்தி ஏறாது, நிறுத்திட்டு ஒரு மண்டலம் விரதம் இருன்னு சொல்லிட்டார். அவரும் நிறுத்தப் போறேங்குறார். என்ன செய்ய?

பதில்: நிறுத்த விடாதீங்கம்மா. இந்த வகை மாத்திரைகளைத் திடீர்னு விட்டா பழைய படபடப்பு முன்ன விட மோசமா திரும்பி வரலாம், சிலதை நிறுத்தினா உடம்பே தாறுமாறாகும். குறைக்கிறதா இருந்தாலும் டாக்டர் படிப்படியாத்தான் குறைப்பார். விரதம் இருக்கணும்னு ஆசைப்பட்டா இருக்கட்டும், மாத்திரையைச் சாப்பாட்டோட போடணுமா, பட்டினி கெடந்தா ஒத்துக்குமான்னு டாக்டர் கிட்டயே கேட்டுக்கோங்க.

சண்முக கவசம் எழுதின பாம்பன் சுவாமிகளை விட முருக பக்தர் யாரு? 1923 டிசம்பர்ல சென்னையில குதிரை வண்டி அவர் கால் மேல ஏறி எலும்பு முறிஞ்சுது. அரசுப் பொது மருத்துவமனையிலதான் சேத்தாங்க. அவர் படுக்கையில இருக்க, சீடருங்க வெளிய அவர் எழுதின சண்முக கவசத்தையே அவருக்காகப் பாராயணம் பண்ணினாங்க, அவருக்கு மயில் காட்சி கெடச்சதைத்தான் மயூர வாகன சேவனம்னு இன்னிக்கும் விழாவா கொண்டாடுறாங்க. கவசம் எழுதினவரே ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டார், அதனால அவர் சக்தி ஒண்ணும் இறங்கிடல. அந்தச் சாமியார் கிட்ட உங்க வீட்டுக்காரரே இதைக் கேக்கட்டும்.

கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறதை நான் வேண்டாம்னு சொல்லவே மாட்டேன். தமிழ்நாட்டுல முத்துசாமி கோயில் ஒண்ணுல தங்கியிருந்த மனநோயாளிகள் 31 பேரை மனநல மருத்துவர்கள் கவனிச்சுப் பாத்து 2002ல எழுதினாங்க, சராசரியா ஆறு வாரம் தங்கினதுல நோயோட தீவிரம் கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு. அங்க தனியா மந்திரிக்கிறது, அடிக்கிறது எதுவும் கெடையாது. வீட்டு ஆள் ஒருத்தர் கூடவே தங்கணும், கோயிலைக் கூட்டுறது, செடிக்குத் தண்ணி ஊத்துறதுன்னு சின்னச் சின்ன வேலை பண்ணணும், அவ்வளவுதான். நீங்களும் அவரும் சாயங்காலம் ஒரு கோயிலுக்கு நடந்து போய் அரை மணி நேரம் சும்மா உக்காந்துட்டு வாங்க. மாத்திரை ஒரு பக்கம், இது ஒரு பக்கம். தூக்கம், சாப்பாடு, வேலைன்னு எல்லாம் வாரக்கணக்கா கெட்டுக் கெடந்தாலோ, செத்துடலாம்னு பேச்சு வந்தாலோ, தள்ளிப் போடாம அன்னிக்கே டாக்டர் கிட்ட போங்க. 14416ன்னு அரசாங்கத்தோட டெலி மானஸ் நம்பர் இருக்கு, காசில்லாம தமிழ்லயே எப்ப வேணா பேசலாம்.

கேள்வி: பயம் வந்தா மட்டும் கோயிலுக்கு ஓடுறேன், சரியானதும் மறந்துடுறேன். இது சுயநலம் இல்லையா? என்னை மாதிரி ஆளுங்களை சாமி ஏத்துக்குமா?

பதில்: கீதை ஏழாம் அத்தியாயத்துல கிருஷ்ணர், என்னை நாலு விதமான ஆளுங்க வணங்குறாங்கன்னு சொல்லும்போது முதல்ல சொல்ற பேரே ஆர்த்தன், கஷ்டத்துல தவிக்கிறவன். அப்புறம்தான் தெரிஞ்சுக்க ஆசைப்படுறவன், பொருள் வேணும்னு கேக்குறவன், ஞானி. ஞானியை ரொம்பப் புடிக்கும்னு சொல்லிட்டு, ஆனா நாலு பேருமே உயர்ந்தவங்கதான்னும் சேத்துச் சொல்லியிருக்கார். கஜேந்திரன் கூட முதலை காலைக் கவ்வினப்புறம்தான் ஆதிமூலமேன்னு கூப்பிட்டான், அதுவரைக்கும் பொண்டாட்டி புள்ளைங்களோட தண்ணியில ஜாலியா விளையாடிட்டுத்தான் இருந்தான். யாரும் அவனை இவ்வளவு நாள் எங்க போயிருந்தேன்னு கேக்கல, பெருமாள் கருடன் மேல ஏறி வந்துதான் நின்னார். நீங்க மறந்தா மறந்துட்டுப் போங்க, அடுத்த தடவை பயம் வரும்போது கூச்சப்படாம போங்க.